போக எட்டு, வர பத்து

டெல்லியிலிருந்து டோக்கியோவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் அடிக்கடி கேட்பது இது: போகும்போது எட்டு மணி நேரம், வரும்போது ஏறக்குறைய பத்து. அதே ஊர், அதே விமானம், எப்படி? நியாயமான கேள்வி. டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு எட்டுக்கு ஏறி, காலை ஏழரைக்கு இறங்கினால் பதினொன்றரை மணி நேரம் போலத் தோன்றும். அதில் மூன்றரையைக் கழியுங்கள். திரும்பும்போது கூட்டுங்கள். இதற்குப் பிறகும் வித்தியாசம் போகாது.

அடுத்தது தூரம். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால் சுமார் 5,900 கிலோமீட்டர். ஆனால் அந்த நூல் இமயத்தையும் திபெத்தையும் தாண்டிப் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் பைலட் உடனே 10,000 அடி அளவுக்கு இறக்க வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம்! அதனால் பெரும்பாலும் மியான்மர், தென் சீனா பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். இந்தச் சுற்று போக வர இரண்டுக்கும் பொதுதான்.

மிச்சமிருப்பது காற்று. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால், பூமியின் சுழற்சியும் சேர்ந்து, விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதைத்தான். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. கோடையில் தளர்ந்து வடக்கே நகர்ந்துவிடும். இருக்கைத் திரையில் தரை வேகம் என்று ஓடும் எண்ணைக் கவனியுங்கள். ஜனவரியில் கிழக்கே போகையில் 1,000-க்கு மேல் காட்டும்; திரும்புகையில் 700-க்குப் பக்கத்தில் தவழும். எஞ்சின் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் உழைக்கிறது. ஆற்றோடு போகும் படகுக்கும் எதிர்த்து வரும் படகுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் டோக்கியோவுக்கு வடகிழக்கே டாடேனோவில் வானிலை ஆய்வு நிலையத்தை நடத்திய வசாபுரோ ஓயிஷி. பலூன்களை மேலே விட்டு, அவை எங்கே அடித்துச் செல்லப்படுகின்றன என்று கருவியால் பின்தொடர்ந்து கணக்கிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். படித்தவர்கள் மிகக் குறைவு. 1944-இல் டோக்கியோ மீது பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறின. ஓயிஷியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கமாக இருக்கிறது.

போகும்போது மிச்சமானது வரும்போது சரியாகிவிடும்தானே என்பீர்கள். ஆகாது. காற்றில்லாமல் மணிக்கு 900 கிலோமீட்டரில் 5,900-ஐக் கடக்க 6 மணி 33 நிமிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னால் தள்ளினால் 5 மணி 54 நிமிடம்: 39 நிமிட லாபம். அதே காற்று எதிர்த்தால் 7 மணி 22 நிமிடம்: 49 நிமிட நஷ்டம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நஷ்டமே பெரிது. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறி இறங்குவது, சுற்றுவழி எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் உள்ள எட்டும் பத்தும். குளிர்காலத்தில் திரும்பி வந்து டெல்லியில் வேறு விமானம் மாற வேண்டியவர்கள், நடுவில் தாராளமாக இடைவெளி விட்டே பதிவு செய்யுங்கள்.