தூரிகை பிடித்த கை

சீன எழுத்து என்றாலே படம் என்று பலரும் நினைக்கிறார்கள். மரத்துக்கு மரம், மலைக்கு மலை. அப்படிப்பட்ட எழுத்துகள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். மற்றவை எப்படிப் பிறந்தன என்பதை 'ஷூ' என்ற ஒரே எழுத்தை வைத்துக் காட்டிவிடலாம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும், கேளுங்கள்.

'ஷூ' முதலில் எழுதுவதைக் குறித்தது. பிறகு புத்தகத்துக்கும் அதுவே பெயராயிற்று. அதன் மேல்பாதிக்குத் தனியே 'யூ' என்று பெயர். ஆன்யாங் நகரத்துக்கு அருகே கிடைத்த ஷாங் அரசர் காலத்து ஆமை ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்த 'யூ' இருக்கிறது. நடுவில் நிமிர்ந்த ஒரு குச்சி. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதைப் பற்றியிருக்கும். கைக்கு மூன்று விரல் போட்டால் போதும் அவர்களுக்கு. சில வடிவங்களில் குச்சியின் அடி மயிர்க்கற்றையாக விரிந்திருக்கும். ஐயமே இல்லை, அது தூரிகைதான். எலும்பில் கீறியவர்களிடம் தூரிகையும் இருந்தது. தூரிகையால் எழுதி, கீறாமலே விட்ட எழுத்துகள் சில எலும்புகளில் இன்றும் தெரிகின்றன.

ச்சின் அரசின் தளபதி மெங் தியன்தான் தூரிகையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. அவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர். தூரிகையின் படமோ அவருக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது!

பின்னாளில் 'யூ'வின் தலையில் மூங்கில் குறியைச் சேர்த்தார்கள். தூரிகையின் காம்பு மூங்கில் அல்லவா? அது 'பி' ஆயிற்று. இன்று பேனா, பென்சில் எல்லாவற்றின் பெயரிலும் அந்தப் 'பி' இருக்கிறது.

'ஷூ'வின் கீழ்ப்பாதிதான் ஆளை ஏமாற்றும். இப்போதைய வடிவத்தில் அது 'சொல்' என்பதற்கான குறியைப் போலவே இருக்கிறது. 'தூரிகை பேசினால் எழுத்து' என்று அழகாக விளக்கம் சொல்லிவிடுவார்கள். கேட்க இனிக்கிறது, ஆனால் சரியில்லை. கி.பி. 100 வாக்கில் 'ஷுவோவென் ஜியேஸி' என்ற அகராதியைத் தொகுத்த சூ ஷென், அது 'ஜெ' என்ற வேறோர் எழுத்து என்றும், ஒலிக்காகச் சேர்த்தது என்றும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அது தேய்ந்து இந்த வடிவுக்கு வந்துவிட்டது. 'ஷூ', 'ஜெ' இரண்டும் இன்று ஒட்டவில்லை; பழங்காலத்தில் நெருக்கமாக ஒலித்தன. ஒரு பாதி பொருளைச் சொல்ல, மறுபாதி ஒலியைச் சொல்லும். சூ ஷென் பதிந்த 9,353 எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

1956இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது, பத்துக் கோடுகள் கொண்ட 'ஷூ' நான்கு கோடுகளுக்குச் சுருங்கியது. புதிதாக எதையும் புனையவில்லை. விரைந்து எழுதுவோரின் பழைய சுருக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கற்கும் பிள்ளைகளுக்கு அது லாபம். ஆனாலும் கையும் தூரிகையும் ஒலிக்குறியும் ஒரேயடியாக மறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. தைவானிலும் ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் பழைய வடிவமே புழங்குகிறது. அங்கே ஒரு புத்தகக் கடைப் பலகையைப் பார்த்தால், எழுத்தின் மேற்பகுதியில் வலப்பக்கம் ஒரு கிடைக்கோடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முழங்கை, அதற்கு இடப்பக்கம் உள்ள மூன்று கோடுகள் விரல்கள்.