மாநாட்டு மேடையில் யார் பேசலாம்? 1964 சமசமாஜ மாநாடு தரும் விளக்கம்

1964 ஜூன் 6ஆம் திகதி கொழும்பில் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் விசேட மாநாடு தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து இருவர் அதற்காகவே வந்திருந்தார்கள். பிரான்சைச் சேர்ந்த பியர் ஃபிராங்குக்கு உள்ளே இடம் கிடைத்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஜெரி ஹீலியை மண்டபத்துக்குள் விடவில்லை. கட்சித் தலைமை செய்யவிருந்த காரியத்தை இருவருமே எதிர்த்தார்கள். அப்படியிருக்க ஒருவருக்கு மேடை, மற்றவருக்கு வாசல், ஏன்?

கட்சி மாநாடுகளில் ஒரு பேச்சாளரை வைத்துச் சண்டை மூளும்போதெல்லாம் எனக்கு இந்த வாசல்தான் நினைவுக்கு வரும்.

மாநாடு என்றால் என்ன?

பொதுக்கூட்டத்துக்கு யாரும் போகலாம், கைதட்டலாம், வீடு திரும்பலாம். மாநாடு வேறு. கிளைகள் தெரிவுசெய்து அனுப்பும் பேராளர்கள் அங்கே கூடுகிறார்கள். தீர்மானம் முன்வைக்கப்படும், திருத்தம் வரும், விவாதம் நடக்கும், கடைசியில் வாக்கெடுப்பு. மத்திய குழு ஆண்டு முழுவதும் முடிவெடுத்தாலும், அந்த முடிவைத் தூக்கியெறியும் அதிகாரம் மாநாட்டுக்கு உண்டு. அதனால்தான் வாக்கெடுப்புக்கு முன்னர் ஒலிவாங்கி யார் கையில் இருக்கிறது என்பதற்கு இவ்வளவு பெறுமதி.

சமசமாஜக் கட்சிக்கு என்ன நெருக்கடி?

இந்தக் கட்சியின் வேர் நம் வெள்ளவத்தையில் இருக்கிறது. இன்று ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் அன்று வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. அங்கே 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தில் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். 1935 டிசம்பரில் அந்த இளைஞர்கள் சேர்ந்து கட்சியைத் தொடங்கினார்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தவர்கள் இவர்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிக்கும் சம அந்தஸ்து கேட்டவர்களும் இவர்களே.

1963இல் கம்யூனிஸ்ட் கட்சி, மக்கள் ஐக்கிய முன்னணி ஆகியவற்றோடு சேர்ந்து ஐக்கிய இடதுசாரி முன்னணி அமைத்தார்கள். ஒரு வருடம் ஆகுமுன்னரே, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி அரசாங்கத்தில் சேரலாம் என்று கட்சித் தலைவர் என்.எம். பெரேரா பேச்சுவார்த்தை நடத்திவிட்டு வந்தார். இந்த விடயத்தைத் தீர்க்கத்தான் ஜூன் மாதம் விசேட மாநாடு கூடியது.

வெளிநாட்டு விருந்தினருக்கு அங்கே என்ன வேலை?

சமசமாஜக் கட்சி அன்று, ட்ரொட்ஸ்கியக் கட்சிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலத்தின் இலங்கைப் பிரிவு. ஃபிராங்க் அந்த அகிலத்தின் செயலகத்துப் பிரதிநிதியாக வந்தார். முதலாளித்துவக் கட்சியின் அரசாங்கத்தில் சேர்ந்தால் உறவு முறியும் என்பதே அகிலத்தின் நிலைப்பாடு. ஆகவே அவர் பேச்சை வெறும் வாழ்த்துரையாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஹீலி, 1953இல் அகிலம் பிளந்தபோது எதிரணியில் நின்றவர். கட்சிக்கும் அவருடைய அமைப்புக்கும் முறையான தொடர்பு இல்லை. காகிதத்தில் பார்த்தால் அவரைத் தடுக்கக் காரணம் இருந்தது. ஆனால் அதே காரணம் தலைமைக்கு வசதியாகவும் அமைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விதியும் வசதியும் ஒரே வாசலில் நிற்கும்போது எது எதுவென்று பிரித்துப் பார்ப்பது உறுப்பினரின் கடமை.

முடிவு என்ன ஆனது?

மூன்று தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. அரசாங்கத்தில் சேரலாம் என்ற பெரேராவின் தீர்மானத்துக்கு 501 வாக்குகள். இடதுசாரி முன்னணியாகச் சேர்ந்து போகலாம் என்ற கொல்வின், லெஸ்லி குணவர்தன ஆகியோரின் நடுவழிக்கு 75. கூட்டே வேண்டாம் என்ற அணிக்கு 159. தோற்ற அந்த அணியில் எட்மண்ட் சமரக்கொடி, மெரில் பெர்னாண்டோ, தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு, வி. காராளசிங்கம் போன்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியேறி சமசமாஜக் கட்சி (புரட்சிகரப் பிரிவு) என்ற பெயரில் தனியாக இயங்கினார்கள். அரசாங்கத்தில் சேர்ந்தவர்களை அகிலம் நீக்கியது. பெரேரா நிதியமைச்சரானார். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி அந்த அரசாங்கம் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் இருந்தார்கள்.

தமிழருக்கு இதனால் என்ன?

சுதந்திரக் கட்சியோடு வைத்த கூட்டு அந்த அரசாங்கத்தோடு முடியவில்லை. 1966 ஜனவரியில், தமிழை நிர்வாகத்தில் பயன்படுத்த வழிசெய்த தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து சுதந்திரக் கட்சி கொழும்பில் ஊர்வலம் போனபோது, சமசமாஜக் கட்சியும் கூடவே போனது. பத்து வருடங்களுக்கு முன்னர் சம அந்தஸ்து கேட்ட கட்சி அது! 1972இல் சிங்களத்தை அரசகரும மொழியாக வைத்து, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, முந்திய யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவைக் கைவிட்ட யாப்பை முன்னின்று ஆக்கியவர் அதே கொல்வின். நம் தலையெழுத்தின் ஒரு வரி அந்த மாநாட்டு மண்டபத்தில் எழுதப்பட்டது. இதை வேதனையோடுதான் சொல்கிறேன்.

இன்றைக்கு எப்படிப் பார்ப்பது?

2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை சி. சிறீதரனுக்கு 184 வாக்குகள் அளித்துத் தலைவராகத் தெரிவுசெய்தது. அவரோடு போட்டியிட்ட எம்.ஏ. சுமந்திரனுக்கு 137 வாக்குகள் கிடைத்தன. அடுத்த வாரம் மாநாடு நடந்திருக்க வேண்டும். பதவித் தெரிவுகள் பற்றிய பிணக்கால் அது நடக்கவில்லை; விவகாரம் நீதிமன்றம் போனது. புதிய தலைவர் தலைமையுரை ஆற்ற மேடையே அமையவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர் 'இவர்களுக்கு இதே வேலை' என்று பத்திரிகையை மடித்து வைத்தார்கள். மடித்து வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இப்படியொரு செய்தி வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பேசப்போகிறவர் யார் சார்பில் பேசுகிறார்? அவருக்கு மறுப்புச் சொல்ல அதே மேடையில் இடம் உண்டா? பேச்சுகள் முடிந்த பின்னர் வாக்கெடுப்பு நடக்குமா?

1964 மாநாட்டின் முடிவு பிழை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அங்கே மூன்று தரப்பும் பேசின, வாக்குகள் எண்ணப்பட்டன, எண்கள் வெளியே வந்தன. அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் 159 பேர் மாட்டோம் என்று சொன்னார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. மாநாடே நடக்காத கட்சியில் மாட்டோம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை.