மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்கு

பல வருஷம் வெயிலில் நின்ற ஒரு சிவப்பு அம்பாசிடரின் பானட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரல் நுனியில் ரோஜா நிறத்தில் நுண்ணிய தூள் ஒட்டிக்கொண்டு வரும். தேய்த்த இடம் மட்டும் சற்று அடர்சிவப்பாகத் தெரியும். அந்தத் தூள் சாலைப் புழுதி அல்ல, வண்டியின் பெயின்ட்டேதான்.

சாயம் போய்விட்டது, இனிச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டியதுதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் நிறம் எங்கும் போய்விடவில்லை. சில மைக்ரான் கனமே உள்ள சிதைந்த படலம் ஒன்றுக்கு அடியில் அது முழுசாக இருக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பாலிஷ் போடுவது அந்தப் படலத்தை மட்டும் எடுத்துவிடும் வேலை. எதையோ பூசிப் பளபளப்பு ஏற்றுவதாக நினைக்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது கழித்தல்.

காய்ந்த பெயின்ட்டில் முக்கியமானவை இரண்டு: நிறம் தரும் நிறமித் துகள்கள், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிசின். வெயிலில் முதலில் அடிவாங்குவது பிசின். தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களின் அலைநீளம் சுமார் 290 நானோமீட்டரில் தொடங்குகிறது. 300 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 400 கிலோஜூல். பிசினின் முதுகெலும்பான கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க 350 கிலோஜூல் போதும். அறுந்த முனைகளில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்கிறது. அது பக்கத்துப் பிணைப்புகளையும் தாக்குகிறது. நீண்ட சங்கிலிகள் துண்டுதுண்டாகி, மழையிலும் கழுவும் நீரிலும் கரைந்து ஓடுகின்றன. பிடிப்பை இழந்த நிறமித் துகள்கள் மேலே அநாதையாகக் கிடக்கின்றன. விரலில் ஒட்டியது அவைதான்.

கூரையும் பானட்டும் டிக்கியும் வெளுத்துக் கிடக்க, கதவுகள் மட்டும் ஓரளவு தப்பித்திருப்பதைப் பழைய வண்டிகளில் கவனித்திருப்பீர்கள். மேல்நோக்கிய தகடுகள்மீது உச்சி வெயில் நேராக இறங்குகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று இரவில் நடக்கிறது. திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு உமிழ்ந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பனி அதன்மேல்தான் முதலில் படியும். பகலில் வெயில், விடியலில் ஈரம் என்று இரண்டும் மாறி மாறி வேலை செய்கின்றன. வெள்ளை வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தானே ஒளி வினையூக்கி. புற ஊதாவை வாங்கிக்கொண்டு தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரிக்கக்கூடியது. அதனால்தான் பெயின்ட்டுக்கான டைட்டானியத் துகள்களுக்கு அலுமினா, சிலிக்கா உறை போடுகிறார்கள்.

சரி, நிறம் அடியில் அப்படியே இருக்கிறதென்றால் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

பெயின்ட்டின் மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. வண்டி எந்த நிறமானாலும் இந்த 4 சதவீதம் வெள்ளை ஒளிதான். மீதி உள்ளே போய், நிறமிகளில் பட்டு, நிறமேறி வெளியே வருகிறது. பரப்பு வழவழப்பாக இருந்தால் அந்த வெள்ளை ஒளி முழுவதும் ஒரே திசையில் போய்விடும். அந்தத் திசையில் நிற்பவருக்கு வானமும் மரமும் அதில் பிரதிபலிக்கும். வேறு எங்கே நின்று பார்த்தாலும் தூய சிவப்பு மட்டும் கண்ணுக்கு வரும். பரப்பு சொரசொரத்துவிட்டால் அதே 4 சதவீதம் எல்லாத் திசைகளிலும் சிதறி, சிவப்போடு எங்கும் கலக்கிறது. சிவப்பு ரோஜாவாகவும் கறுப்பு சாம்பலாகவும் மாறுவது இப்படித்தான். கண்ணாடிபோல் தெளிந்த கற்கண்டை இடித்தால் வெள்ளைப் பொடியாவதும் இதே காரணத்தால்தான்.

இதைச் சோதிக்க ஒரு குவளை நீர் போதும். வெளுத்த பானட்டில் ஊற்றுங்கள். குழிகளில் நீர் நிரம்பி மேற்பரப்பு சமமாகிறது. பழைய நிறம் எழுந்து நிற்கிறது. நீர் காயும்போது மறுபடி மங்கிவிடும். நனைந்தபோது தெரிந்த நிறம்தான் பாலிஷ் போட்டால் கிடைக்கப்போகும் நிறம். நனைத்தும் வெளுப்பாகவே இருந்தால், நிறமியே வெயிலில் கெட்டுவிட்டது என்று பொருள். சில பழைய சிவப்பு நிறமிகளுக்கு அப்படி நேர்வதுண்டு. டீசலில் நனைத்த துணியால் துடைத்து வண்டியைப் பளபளக்க வைக்கும் வழக்கமும் இதே தத்துவம்தான். எண்ணெயின் ஒளிவிலகல் எண் பிசினுடையதை நெருங்கிவருவதால், குழிகளின் சுவர்களே கண்ணுக்கு இல்லாமல் போகின்றன. பெயின்ட் எண்ணெயைக் குடித்து உயிர்பெறுகிறது என்பார்கள். அப்படியில்லை, குழிகள் நிரம்புகின்றன, அவ்வளவுதான். ஆவியானதும் பழைய கதைதான், கூடவே புழுதியும் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்பதற்கு இயற்பியலில் ஓர் அளவு இருக்கிறது. மேடு பள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டால் ஒளிக்கு அந்தப் பரப்பு சமதளம். பச்சை ஒளிக்கு இது சுமார் 70 நானோமீட்டர், அதாவது மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையும் துணியும் கொண்டு இந்த நுட்பத்தை எட்டிவிட முடிகிறது என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

எட்டுவது எப்படி என்று நியூட்டனே யோசித்திருக்கிறார். கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்குவதுதான் மெருகேற்றல் என்று 1704-இல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி இதை மறுத்தார்: தேய்க்கும்போது மேற்பரப்பு திரவம்போல வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார். கார் பெயின்ட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடம் இருக்கிறது. டூபாண்ட் நிறுவனம் 1920-களில் கொண்டுவந்த ட்யூகோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்கள் சூட்டில் இளகுபவை. பஃபிங் மெஷினின் உரசல் சூட்டில் சற்று வழியவும் செய்யும். எனாமலின் மூலக்கூறுகள் காயும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அது வழியாது. அங்கே நியூட்டன் சொன்ன கீறல் மட்டும்தான்.

பட்டறையில் நடப்பதும் கீறலைக் கீறலால் அழிக்கும் வேலையே. 2000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் உள்ள துகள்களின் சராசரி அளவு சுமார் 10 மைக்ரான். அதை நீரில் நனைத்துத் தேய்த்தபின் ரப்பிங் காம்பவுண்ட், அதன்பின் இன்னும் நுண்ணிய பாலிஷ். ஒவ்வொரு படியும் முந்தைய படி விட்ட கீறல்களை முற்றிலும் அழிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டினால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். பானட்டில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை தெரியுமே, அவை உண்மையில் வட்டக் கீறல்கள் அல்ல. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன. ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஏறினால், அது மேலே கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட். அதில் தேய்க்கத் தேய்க்க நிறம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஓரங்களிலும் மடிப்புகளிலும் கவனம் வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் பரப்பு இழுவிசையால் கூர்மையான விளிம்பைவிட்டு விலகிவிடுகிறது. அங்கே படலம் இயல்பிலேயே மெல்லியது. மெஷினை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் பிரைமர் தெரிந்துவிடும். அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வது நல்லது.

1980-களிலிருந்து பரவலான கிளியர் கோட் வண்டிகளில் கணக்கே வேறு. நிறத்துக்கு மேலே நிறமற்ற படலம் 40, 50 மைக்ரான் கனத்தில் இருக்கும். புற ஊதாவை விழுங்கும் மூலக்கூறுகள் அதில் கலந்திருக்கின்றன. அவற்றின் வேலை அழகானது. கதிர் பட்டதும் ஒரு ஹைட்ரஜன் அணுக்கரு பக்கத்து அணுவுக்குத் தாவுகிறது, ஆற்றலை வெப்பமாக விட்டுவிட்டுத் திரும்புகிறது. போய்வரும் நேரம், ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. திரும்பியதும் மூலக்கூறு அடுத்த கதிருக்குத் தயார். இந்தக் காவலர்களைச் சில மைக்ரானுக்கு மேல் சுரண்டி எடுத்தால் வண்டி அன்று மின்னும், சில ஆண்டுகளில் படலம் உரியும். உரியத் தொடங்கிவிட்ட கிளியர் கோட்டை எந்த பாலிஷாலும் மீட்க முடியாது. அங்கே புதிதாக அடிப்பது தவிர வழியில்லை.

ஆகவே வேலையை முரட்டுக் காம்பவுண்டில் தொடங்க வேண்டாம் என்பேன். கண்ணில் படாத ஒரு மூலையில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷைப் போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடினமானதற்குப் போகலாம். முடிந்ததும் மேலே மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் வெயிலில் சூடேறும் பானட்டிலும் தாங்கும். அது நீரைத் தள்ளி நிறுத்தும். புற ஊதாவை அவ்வளவாகத் தடுக்காது. அதற்குக் கூரையோ வேப்ப மர நிழலோ தேட வேண்டும். மரத்தடி என்றால் பறவை எச்சத்தை அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள். அதிலுள்ள அமிலம் பெயின்ட்டை அரித்துக் குழியாக்கிவிட்டால் மறுபடி வாட்டர் பேப்பரை எடுக்க வேண்டியிருக்கும்.