உடலுக்குப் புரதம், மண்ணுக்கு நைட்ரஜன்: பச்சைப் பட்டாணியின் இரட்டைப் பயன்

மும்பை: குளிர்காலம் தொடங்கியதும் செம்பூர், அணுசக்தி நகர்ப் பகுதிகளின் காய்கறிக் கடைகளில் பச்சைப் பட்டாணி குவிகிறது. குருமாவிலும் புலாவிலும் இடம்பெறும் இந்தச் சிறுமணி, உண்பவரின் உடலுக்கு மட்டுமன்றி, விளைந்த நிலத்துக்கும் நன்மை செய்கிறது.

100 கிராம் பச்சைப் பட்டாணியில் சுமார் 5 கிராம் புரதமும், அதே அளவு நார்ச்சத்தும், 40 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. கிடைக்கும் ஆற்றலோ ஏறத்தாழ 80 கலோரி மட்டுமே. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பட்டாணியில் நிறைந்துள்ளது. எனவே, சோறு அல்லது சப்பாத்தியுடன் சேர்த்து உண்ணும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது.

பட்டாணிச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றித் தருகின்றன. இதனால் யூரியாவின் தேவை குறைகிறது. யூரியா தயாரிப்பதற்கு இயற்கை எரிவாயு பெருமளவில் செலவாகிறது. மேலும், வயலில் இடப்படும் நைட்ரஜன் உரத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. புவியை வெப்பமாக்குவதில் இவ்வாயு கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலிமை கொண்டது.

எனினும், காய்களுடன் நைட்ரஜனின் பெரும்பகுதி வயலைவிட்டு வெளியேறிவிடும். அறுவடைக்குப் பின் கொடிகளை எரிக்காமல் மடக்கி உழுதால்தான் அடுத்த பயிருக்கு முழுப் பயன் கிட்டும்.

பட்டாணியின் குடும்பத்தைச் சேர்ந்த பயறு வகைகளை மேம்படுத்தும் பணி, அணுசக்தி நகரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது. கதிர்வீச்சின் மூலம் விதைகளில் மரபு மாற்றங்களைத் தூண்டி, அவற்றிலிருந்து சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில் புதிய ரகங்கள் உருவாக்கப்படுகின்றன. 1985-இல் வெளியிடப்பட்ட டி.ஏ.யூ.-1 என்ற உளுந்து ரகம் மகாராஷ்டிர விவசாயிகளிடையே பரவலான வரவேற்பைப் பெற்றது.

உரித்த பட்டாணியை வாங்குவோர் அதில் செயற்கை நிறம் கலந்துள்ளதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடிக் குவளை நீரில் சிறிதளவு பட்டாணியை இட்டு, நன்கு கலக்கி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். நீரில் பச்சை நிறம் பிரிந்து வந்தால் அது கலப்படத்தின் அறிகுறி.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உட்கொள்வோர், பட்டாணியில் வைட்டமின் கே இருப்பதால், அதன் அளவைத் திடீரெனக் கூட்டுவதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது. வைட்டமின் சி வீணாகாமலிருக்க, குறைந்த நீரில் சில நிமிடங்கள் மட்டும் வேகவைத்தால் போதும்.