சர்வர் புதுசு, விர்ச்சுவல் மெஷின் மட்டும் ஆமை வேகமா? காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்க!

பில்லிங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, சிசிடிவி பதிவுக்கு ஒன்று என ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது இப்போது சின்னக் கடைகளிலும் சகஜம். முகூர்த்த சீசனில் கவுன்ட்டரில் கூட்டம் நெருக்கும்போதுதான் பில்லிங் ஸ்க்ரீன் உறைந்து நிற்கும். "நீதானே கம்ப்யூட்டர் படிச்சே?" என்று எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். உடனே அந்த மெஷினுக்கு இன்னும் நாலு சிபியு சேர்த்துவிடுவீர்கள். பல நேரம் அதுதான் அதை மேலும் மெதுவாக்கும்!

ஏன் அப்படி?

தெள்ளார், ஆரணி பக்கத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சர்வரில் இருக்கும் கோர்களை நெசவாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்கு நீங்கள் ஒதுக்கும் வி-சிபியுதான் தறி. 8 நெசவாளர்களுக்கு 20 தறி போடலாம். எல்லாமே ஒரே நேரத்தில் ஓடாதவரை பிரச்னை இல்லை. ஓடினால், தறி ஆளுக்காகக் காத்திருக்கும்.

கோர்வைப் பட்டு நெய்யும்போது, கரைக்கு நாடா போட இன்னொருவரும் கூட உட்கார வேண்டும். அவர் வரவில்லை என்றால் வேலை நிற்கும். 8 வி-சிபியு வாங்கிய மெஷினின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒன்று மட்டும் ரொம்ப முந்திப் போகாமல் ஹைப்பர்வைசர் பிடித்து வைக்கும். 2 போதும் என்கிற மெஷினுக்கு 8 கொடுத்தால், காத்திருப்புதான் கூடும்.

1. முதலில் காத்திருப்பை அளங்க

மெஷினுக்குள் இருக்கும் டாஸ்க் மேனேஜர் '30 சதவிகிதம்' என்று காட்டினால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம் அதற்குச் சரியாகத் தெரியாது. லினக்ஸ் மெஷின் என்றால் 'டாப்' கமாண்டில் 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். விஎம்வேரில் அதன் பெயர் 'சிபியு ரெடி'. லைவ் சார்ட் 20 நொடிக்கு ஒருமுறை கணக்கெடுக்கும். அதில் 1,000 மில்லி செகண்ட் என்றால் 5 சதவிகிதம். ஒரு வி-சிபியுவுக்கு இதைத் தாண்டியே நின்றால் நெரிசல் என்று அர்த்தம். சும்மா இருக்கும் மெஷின்களின் வி-சிபியுவைக் குறையுங்கள்.

2. ரேமை முழுசா பங்கு போடாதீங்க

32 ஜிபி இருக்கிறது என்று 32-ஐயும் பிரித்துக் கொடுத்தால், ஹைப்பர்வைசருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. மெமரி தீர்ந்ததும் டிஸ்க்கில் ஸ்வாப் செய்ய ஆரம்பிக்கும். அதன்பிறகு எல்லா மெஷினும் சேர்ந்து தவழும்.

3. டிஸ்க்தான் பெரும்பாலும் வில்லன்

சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று, அங்கங்கே சிதறிக்கிடக்கும் டேட்டாவை நொடிக்குச் சுமார் 100 முறை எடுத்துத் தந்தாலே பெரிய விஷயம். நாலு மெஷினிலும் ஒரே நேரத்தில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடினால்? நேரத்தை மாற்றி வையுங்கள். முடிந்தால் பில்லிங் மெஷினை எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் விண்டோஸ் ஓட்டுபவர்கள் 'விர்ட்ஐஓ' டிரைவரைப் போட்டால் டிஸ்க், நெட்வொர்க் இரண்டுமே வேகம் எடுக்கும்.

பழைய ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. அதை மெனு வழியாக மட்டுமே நீக்குங்கள். ஃபோல்டருக்குள் போய் ஃபைலை அழித்தால், ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு போட்ட பில் அத்தனையும் போச்சு! நீக்கும் முன் தனியாக பேக்கப் எடுத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் ஒருபோதும் பேக்கப் ஆகாது.

4. யாரும் பார்க்காத இரண்டு இடங்கள்

ரெய்டு கார்டில் இருக்கும் பேட்டரி செத்துப்போனால், பல கார்டுகள் ரைட் கேஷை நிறுத்திவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய சர்வர் இன்று திடீரென்று எழுதத் திணறும். அடுத்து பயாஸ். அங்கே பவர் செட்டிங் மின்சார சிக்கனத்தில் இருந்தால், அதிக செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். மாற்றும் முன்பும் பின்பும் ஒரு பில் போட எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். அத்தனையும் பார்த்த பிறகும் எண்கள் அசையவில்லை என்றால், அப்போது ஓனரிடம் கேட்கலாம், "அண்ணா, புது எஸ்எஸ்டி வாங்கணும்" என்று. கையில் கணக்கு இருந்தால் அவரும் மறுக்க மாட்டார்.