அடுப்படிக்கு வந்த நாடக மேடை

நாடகக் கொட்டகைப் பக்கமோ சினிமா தியேட்டர் பக்கமோ தலைவைத்தும் படுக்காத தாய்மார் எத்தனையோ பேர் நம் குடும்பங்களில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை நாடகமே அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? ஒருபோதும் முடியாது. நாடகம் அவர்களைத் தேடி வந்தது. அடுப்படித் தட்டில் இருந்த சின்னஞ்சிறு ரேடியோ வழியாக வந்தது. தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்கள். பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டே கேட்டார்கள். கண்ணீர் வந்தால், வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இருந்தது!

பட்டிப்பொலவை எண்ணிப் பாருங்கள். நானுஓயா தாண்டி, அம்பேவலை தாண்டி, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் இருக்கும் ஊர் அது. பொழுது சாய்ந்தால் மூடுபனி இறங்கி எதிர்வீடும் தெரியாது. இப்படிப்பட்ட மலைநாட்டு ஊர்களில் மாலைக்குப் பிறகு பெண்களுக்கு வெளியுலகம் ஏது? தோட்ட லயங்களில் நெடுங்காலம் மின்சாரமும் கிடையாது. பற்றரி ரேடியோதான் துணை. பற்றரி இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவது இலங்கை முழுவதும் தெரிந்த உபாயம். பட்டிப்பொலவில் வெயிலுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. தமிழ் நாடகத்தை அங்கே வளர்த்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ‘சானா’ என்ற சண்முகநாதன். அவர் காலத்து ‘லண்டன் கந்தையா’, ‘விதானையார் வீட்டில்’ ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே முதியவர்கள் முகம் மலரும். மேடைத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பாத்திரங்களைப் பேசவிட்டதுதான் அவற்றின் வெற்றி.

சரி, நம் வீட்டுப் பேச்சு எப்போது வானொலி நாடகத்துக்கு வந்தது? இங்கேதான் ஒரு சுவையான சங்கதி. 1970களில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம் ஒலித்தது. எஸ். ராம்தாஸ் எழுதியது. நான்கு பேர், நான்கு விதமான பேச்சு. யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்களம் கலந்து பேசும் உபாலி, பிராமணத் தமிழ் பேசும் ஐயர், முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார். மரிக்காராகப் பேசியவர் ராம்தாஸ். அவர் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசியவர் யார் தெரியுமா? பி.எச். அப்துல் ஹமீத்! குரலை மட்டும் கேட்டவர்கள் கண்டுபிடித்திருப்பார்களா? அந்த நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. ராம்தாஸின் பெயரோடு ‘மரிக்கார்’ கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

மரிக்காரைக் கேட்டு நாம் சிரித்தோம். ஆனால் ஒரு சமூகத்தின் பேச்சு சிரிப்புக்கு மட்டும்தானா? அந்தக் குறையைத் தீர்த்தவை முஸ்லிம் சேவை நாடகங்கள் என்பது என் கருத்து. உம்மா, வாப்பா, ராத்தா, நானா என்று அழைக்கும் குடும்பங்கள், சீதனம் கேட்டு நிற்கும் மாப்பிள்ளை வீடு, குமரைக் கரைசேர்க்க முடியாத வாப்பாவின் மனப்பாரம் என்று நம் வீட்டு விஷயங்கள் நம் வீட்டு வார்த்தையிலேயே ஒலித்தன. அடுத்த வீட்டு ராத்தாவிடம் வாய்திறந்து சொல்ல முடியாததை ரேடியோப் பெட்டி சொன்னது.

நாடகங்களுக்குச் செலவழித்தவர்கள் யார்? பல தொடர்களுக்கு விளம்பரதாரர்களே. சில்லையூர் செல்வராசன் எழுதி, பெண்களைக் கண்கலங்க வைத்த ‘தணியாத தாகம்’ மக்கள் வங்கியின் ஆதரவில் ஒலித்தது. இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடினால் கதை அவுஸ்திரேலியாவைத் தொடுகிறது. ரேடியோ சிலோன் வர்த்தக சேவை 1950 செப்டெம்பர் 30இல் ஆரம்பமானது. அதை வளர்த்தெடுத்த கிளிபர்ட் டொட், கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலிய அரசு அனுப்பிவைத்த அதிகாரி.

அவர் வந்த நாட்டில் தொலைக்காட்சி 1956இல்தான் தலைகாட்டியது. அதுவரை அங்கும் குடும்பங்களைக் கட்டிப்போட்டது வானொலித் தொடர்தான். க்வென் மெரெடித் என்ற பெண்மணி, நாட்டுப்புறக் குடும்பங்களைப் பற்றி ‘புளூ ஹில்ஸ்’ என்ற நாடகத்தை எழுதினார். 1949 பெப்ரவரியில் தொடங்கி 1976 செப்டெம்பர் 30 வரை, 5,795 பாகங்கள்! அத்தனையும் அவர் ஒருவரே எழுதியவை. ஒரு பாகம் கால் மணி நேரம். பகல் ஒரு மணிக்கு அது ஒலிக்கும்போது, ஆளரவமற்ற ஆட்டுப் பண்ணை வீடுகளில் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து விடுவார்களாம். பட்டிப்பொலக் குளிரும் அந்தப் பண்ணை வெயிலும் வெவ்வேறுதான். அடைபட்ட வீட்டில் இன்னொரு வீட்டுக் கதையைக் கேட்கும் ஆறுதல் வேறா என்ன?

வேற்றுமை பின்னால்தான் வருகிறது. சிட்னியில் கிரேஸ் கிப்சன் என்ற பெண் 1944இல் நாடகத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தொடர்களை ஒலித்தட்டில் பதிந்து நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்று வெளிநாடுகளுக்கும் விற்றார். விற்பனைப் பொருளானதால் பல பிரதிகள் இருந்தன. பிரதிகள் இருந்ததால் இன்றும் பல தொடர்களைக் கேட்க முடிகிறது. ஒலிப்பதிவு நாடாவின் கதை அப்படியல்ல. அதை அழித்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்றைப் பதியலாம். வானொலி நிலையத்துக்கு அது சிக்கனம். நாடகத்துக்கோ அதுவே முடிவு. நம் தாய்மார் கேட்டு அழுத, சிரித்த நாடகங்களில் இன்று நம் காதுக்கு எட்டுபவை மிகக் கொஞ்சம்.

1982இல் ரூபவாஹினி வந்தது. வீட்டின் கண்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. குரல்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சில்லையூர் செல்வராசன் 1995இல் மறைந்தார். ‘தணியாத தாகம்’ நாடகத்தில் நடித்த அவர் துணைவி கமலினி 2015இலும், மரிக்கார் ராம்தாஸ் 2016இலும் காலமானார்கள்.

கேட்ட காதுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. உங்கள் உம்மம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருந்தால் அவரிடமும் சில நாடகங்கள் இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்தபின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நாடகம், என்ன கிழமை, யார் வீட்டு ரேடியோ, எந்தப் பாத்திரத்தின் பேச்சு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். அந்தப் பேச்சை அவர் அதே குரலில் பேசிக் காட்டினால், கையிலுள்ள தொலைபேசியிலேயே பதிந்துகொள்ளுங்கள். தயவுசெய்து, அதன் மேல் வேறெதையும் பதிந்துவிடாதீர்கள்.