மகராசனா இரு, தேங்க்ஸ்ணா

பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கியதற்கு ‘நன்றி’ சொல்லும் வழக்கம் ஐம்பது வருடங்களுக்கு முந்தைய தமிழ்நாட்டு ஊர்களில் இல்லை. சொல்லியிருந்தால் கொடுத்தவளுக்கு முகம் சுருங்கியிருக்கும்: “நான் என்ன வெளியாளா?” அவள் எதிர்பார்த்தது ஒன்றுதான், கிண்ணம் வெறுமனே திரும்பி வரக் கூடாது. கொல்லையில் பறித்த இரண்டு முருங்கைக்காயாவது கூட வரும். வாங்கியவர்கள் வயதானவர்களாக இருந்தால் வாழ்த்திவிடுவார்கள். “மகராசனா இரு”, “புள்ளகுட்டியோட நல்லா இரு.” அதற்கு மேல் என்ன வேண்டும்?

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். பத்துக் குறளும் உதவியின் பெருமையையும் அதை மறவாதிருப்பதையும்தான் பேசுகின்றன. வாய்விட்டுச் சொல்வதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 8 மொழிக்காரர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. கேட்ட உதவி கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் நன்றி சொன்னதே ஏறக்குறைய ஏழில் ஒரு தடவைதான். ஈக்வடார் நாட்டில் பேசப்படும் சாப்பலா மொழியிலோ அதற்கென்று வழக்கமான ஒரு சொல்லே கிடையாது. ஆய்வில் தமிழ் இல்லை. இருந்திருந்தால் நம் பாட்டிகள் சாப்பலாக்காரர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

மேடை வேறு கதை. கூட்டம் முடிகையில் முன்பு ‘வந்தனோபசாரம்’ நடந்தது. தனித்தமிழ் அலையில் அது ‘நன்றியுரை’ ஆனது. பெயர் எதுவானாலும் அந்த நேரத்தில் பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

இன்று எழுத்தில் நன்றி, பேச்சில் தேங்க்ஸ். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது “தேங்க்ஸ்ணா”, நோட்ஸ் கொடுத்தவனுக்கு “தேங்க்ஸ் மச்சி”, வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு. அம்மாவிடம் சொன்னால் மட்டும் இன்னமும் திட்டு விழுகிறது.

பழையதை நினைத்துப் பெருமூச்சு விடுவது எளிது. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. அன்று பண்ணையார் கொடுத்த படி நெல்லுக்குத் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டு நின்றவருக்கு, நாள் முழுக்க அவர் உழுததற்காக ஒரு நல்ல வார்த்தை திரும்பி வந்ததா? நன்றிக்கடன் கீழேயிருந்து மேலே மட்டும்தான் போனது. துப்புரவுப் பணியாளருக்கும் கண்டக்டருக்கும் இன்று ஒரு பள்ளிப்பிள்ளை போகிற போக்கில் தேங்க்ஸ் சொல்கிறது என்றால் அது சின்ன மாற்றமில்லை.

போனது வேறொன்று. பழைய முறையில் கணக்கு தீராது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தைப் பாருங்கள். ஆடி, ஆவணியில் விருந்து வைத்தால் வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைவிடக் கூட்டி எழுத வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் இருந்தது இப்போது கணினிக்குப் போய், கையோடு ரசீதும் தருகிறார்கள். ஆனாலும் கடன் தொடர்கிறது, உறவும் தொடர்கிறது. தேங்க்ஸ் அப்படியல்ல, சொன்னதோடு இருவரும் விடுபட்டுவிடுகிறார்கள்.

விடுபட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டும் பையனிடம் நாம் தேங்க்ஸ் சொல்லி முடிப்பதற்குள் அவன் சொல்கிறான்: “தேங்க்ஸ் சார், அப்படியே அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க.”